அடிக்காத மாஸ்ரர்

நெடுந்தீவில் ஆசிரியையாகச் சேர்ந்து மூன்றாம் கிழமை என் கையிலிருந்த பூவரசங்கம்பு முறிந்துபோயிற்று. 1962ஆம் ஆண்டு மாசி மாதம். பிள்ளைகளுக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தட்டிக்கு மற்றப் பக்கம் எட்டிப் பார்த்து, "மாஸ்ரர், உங்கட கம்பை ஒருக்கால் தாருங்கோ" என்று கேட்டேன்.

அங்கே இருந்தவர் குலசிங்கம் மாஸ்ரர். இரண்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ஒன்று அவருடையது, மற்றது எனக்குத் தரப்பட்டது. எங்கள் பாடசாலை ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் ஆளுயரத் தட்டிதான். ஒரு வகுப்பில் விழும் அடி நாலு வகுப்புக்குக் கேட்கும்.

"என்னட்டைக் கம்பு இல்லை, ரீச்சர்" என்றார்.

"முறிஞ்சு போச்சோ?"

"இல்லை. வைச்சிருக்கிறதில்லை."

பெரிய மனிதத்தனம் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேலணையில் பிறந்து, பலாலியில் பயிற்சி முடித்து, கலியாணத்தோடு இந்தத் தீவுக்கு வந்தவள் நான். அடியில்லாமல் படித்த ஒரு பிள்ளையையும் அதுவரை நான் கண்டதில்லை. நானும் அடி வாங்கித்தான் படித்தேன். அன்று பின்னேரமே புதுக் கம்பு முறித்து வந்தேன்.

அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் கூட்டம். காற்றுக் கடுமையாக இருந்ததால் லோஞ்சுப் படகு பிந்தியது. துறையடியில் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டி வந்தது. அப்போதுதான் அவர் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். நான் கேட்கவில்லை. வருகிற புது ஆசிரியர் எல்லாருக்கும் அவர் அதைச் சொல்லிவிடுவார் என்று பின்னர் தெரிந்தது.

1957ஆம் ஆண்டு பங்குனி. அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. வாசிப்புப் பாடம். புத்தகத்தில் ஒரு கட்டிலின் படம். நாலு மூலையிலும் நாலு கம்பு, மேலே நுளம்பு வலை. படத்துக்குக் கீழே "கட்டில்" என்று எழுதியிருக்கிறது. சின்னத்தங்கம் என்ற ஏழு வயதுப் பெண்பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் "தோணி" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"என்னைப் பகிடி பண்ணுறாள் எண்டு நினைச்சன்" என்றார் மாஸ்ரர். "கை போட்டுது."

இடது கன்னத்தோடு காதையும் சேர்த்து ஒரே அறை. பிள்ளை அழவில்லை. வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள். மூன்றாம் நாள் காதால் சீழ் வடிந்தது. தீவு ஆசுப்பத்திரியில் துளிமருந்து விட்டார்கள். கேட்கவில்லை என்று யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனபோது, செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தக் காது இனிச் சரிவராது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

செய்தி தெரிந்த அன்றே மாஸ்ரர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனார். தகப்பன் வல்லிபுரம். மற்றவர்களின் வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போகிற மனிதர். அவர்கள் குடியிருந்த காணி மாஸ்ரரின் தாய்மாமனுடையது. படலையைத் திறந்துகொண்டு மாஸ்ரர் உள்ளே வந்ததும் வல்லிபுரம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு எழும்பி நின்றார்.

"என்ன வாத்தியார், இந்த வெயிலுக்கை? சொல்லி அனுப்பியிருந்தால் நான் வந்திருப்பன்தானே."

"வல்லிபுரம், நான் உம்மட பிள்ளையின்ர காதைக் கெடுத்துப் போட்டன்."

"அதுக்கென்ன செய்யிறது? பிள்ளை பிழை விட்டுது, நீங்கள் அடிச்சனீங்கள். எங்கட பிள்ளை படிக்க வேணும் எண்டுதானே அடிச்சனீங்கள்."

"அவள் பிழையாய்..." என்று மாஸ்ரர் தொடங்க, வல்லிபுரம் குறுக்கிட்டார். "புத்தகத்தை எனக்கும் காட்டினவள், வாத்தியார். எனக்கும் அது தோணி மாதிரித்தான் கிடந்தது. பாய்மரம் மாதிரி நாலு கம்பு நிக்குது. எங்கட வீட்டில கட்டில் இல்லைத்தானே. ஆசுப்பத்திரியிலதான் இந்த முறை அவள் முதன்முதல் கட்டில் கண்டவள். பிழை எங்களிலதான்."

புறப்படும்போது வல்லிபுரத்தின் மனைவி காய்ந்த பாரைக் கருவாட்டை ஓலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். வாங்காமல் வந்தால் தங்களில் கோபம் என்று நினைப்பார்கள் என்று மாஸ்ரர் வாங்கிக்கொண்டு வந்தார்.

"வல்லிபுரம் என்னை ஒரு சொல் பேசியிருக்கலாம், ரீச்சர்" என்றார் துறையடியில். "கையை ஓங்கியிருக்கலாம். பேச அந்த மனிசனுக்கு வாய் இல்லை. மாமாவின்ர காணியில இருந்துகொண்டு எப்பிடிப் பேசுறது?"

தலைமையாசிரியர் ஆழ்வாப்பிள்ளையிடம் போய், தன்மீது மேலிடத்துக்கு எழுதும்படி கேட்டாராம். ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உமக்கென்ன விசரோ, குலசிங்கம்? தகப்பனே ஒண்டும் சொல்லேல்லை. மற்றக் காது கேக்குதுதானே. போய் வகுப்பைப் பாரும்" என்றாராம்.

அதற்குப் பிறகுதான் அவர் கம்பை விட்டார். விடுவது இலகுவாக இருக்கவில்லை என்றும் சொன்னார். பிள்ளை பிழையாகச் சொன்னால் கை தன்பாட்டில் எழும்பும். இரண்டு கையிலும் சோக்கட்டியை வைத்துக்கொண்டு படிப்பித்தாராம். முதல் வருஷம் முழுக்க வகுப்பு சந்தைக்கடைபோல இருந்திருக்கிறது. கம்பில்லாத வகுப்பில் பிள்ளைகளுக்கு எப்படி இருப்பதென்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில் அவருக்கு ஒரு வழி பிடிபட்டிருந்தது. பிழையாகச் சொல்கிற பிள்ளையிடம் "ஏன் அப்பிடிச் சொன்னீர்?" என்று கேட்பார். ஏழு வயதுப் பிள்ளைகளை "நீர்" என்பார். நாங்கள் எல்லாரும் "எடியே", "டேய்" என்றுதான் கூப்பிடுவோம். கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். பிள்ளை வாயைத் திறக்க ஐந்து நிமிஷம் சென்றாலும் நிற்பார். பதில் வந்ததும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். அதைப் பிழைக் கொப்பி என்று சொல்வார். பிழையை எழுதி, அதற்குப் பக்கத்தில் பிள்ளை அப்படிச் சொன்னதற்கான காரணத்தை எழுதுவார்.

ஒருநாள் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பனையில் பத்துக் காய் என்றால் மூன்று பனையில் எத்தனை என்று கணக்கு. ஒரு பெடியன் "சொல்ல ஏலாது" என்றான். என் வகுப்பாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே உள்ளங்கையில் விழுந்திருக்கும்.

"ஏன் ஏலாது?" என்றார் மாஸ்ரர்.

"அதில ஒண்டு ஆண்பனை எண்டால், மாஸ்ரர்?"

மாஸ்ரர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, மூண்டும் பெண்பனை எண்டு வைப்பம்" என்றார். பெடியன் உடனே முப்பது என்றான். நானும் இந்தப் பக்கம் சிரித்தேன். சிரித்துவிட்டு என் வகுப்புக்குத் திரும்பிக் கம்பைத் தூக்கினேன்.

அவர் வகுப்புப் பிள்ளைகள் மெதுவாகப் போனார்கள். வருஷ முடிவில் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். என் பிள்ளைகள் கார்த்திகைக்கு முன்னமே முடித்து, முதல் பாடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். படித்ததை அவருடைய பிள்ளைகள் விளங்கிப் படித்தார்கள் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

1966இல் பாடசாலைகளைப் பரிசோதிக்கிற வித்தியாதரிசி வந்தார். மாஸ்ரருடைய வகுப்பில் நாகமுத்து என்ற பெண்பிள்ளையை எழுப்பி, "நாலாறு எத்தனை?" என்று கேட்டார்.

"பொறுங்கோ ஐயா" என்றாள் அவள். விரலை மடக்கி, "ஈராறு பன்ரெண்டு. இன்னொரு பன்ரெண்டு. இருவத்துநாலு" என்றாள்.

"வாய்ப்பாடு பாடமில்லையோ?"

"பாடம் ஐயா. மறந்து போனால் இப்பிடிக் கண்டுபிடிக்கலாம்."

வித்தியாதரிசி கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டார். என் வகுப்புக்கு வந்தார். நான் கம்பால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். நாற்பது பிள்ளைகளும் நாலாம் வாய்ப்பாட்டை ஒரே குரலில் பாடி முடித்தார்கள். அவர் தலையை ஆட்டினார். அறிக்கை வந்தபோது, திருமதி மனோகரியின் வகுப்பு சிறப்பு என்று இருந்தது. திரு. குலசிங்கத்தின் வகுப்பில் கட்டுப்பாடு போதாது, மாணவர் விடை சொல்லத் தாமதிக்கின்றனர் என்று இருந்தது. அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. பிறகும் வரவில்லை.

நாகமுத்து அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு ஆழ்வாப்பிள்ளையிடம் போனாள். போன முதல் மாதமே, கரும்பலகையில் அவர் எழுதிய கணக்கைப் பார்த்து "ஏன் ஐயா அப்பிடி?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு உள்ளங்கையிலும் ஆறாறு அடி. இடைவேளையில் கை வீங்கி, தண்ணிக் குவளையைப் பிடிக்க ஏலாமல் அவள் எங்கள் பக்கம் வந்தாள். மாஸ்ரர் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

அவள் அழுதுகொண்டு சொன்னாள்: "மாஸ்ரர், நீங்கள் எங்களுக்கு அடிச்சுப் பழக்கியிருக்கலாம். மற்றப் பிள்ளையளுக்கு நோகிறேல்லை."

அவர் அவளுடைய கையை விட்டார். அன்று பின்னேரம் வரை அவர் படிப்பிக்கவில்லை. பிள்ளைகளைச் சிலேட்டில் எழுதவிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார்.

எழுபதுகளில் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தமிழ்ப் பிள்ளைகள் எடுக்க வேண்டிய புள்ளிகளை அரசாங்கம் கூட்டியது. அந்தப் பயம் படிப்படியாக இறங்கி இரண்டாம் வகுப்பு வரைக்கும் வந்தது. தாய் தகப்பன்மார் ஆழ்வாப்பிள்ளையிடம் போய், பிள்ளையை மனோகரி ரீச்சரின் பிரிவில் போடச் சொல்லிக் கேட்டார்கள். அடிக்காத வாத்தியாருக்குப் பிள்ளையில் அக்கறை இல்லை என்று தீவு முழுக்கக் கதை. என் பிரிவில் ஐம்பத்திரண்டு பேர். அவருடையதில் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பது பேரும் கேட்டுப் பேச யாருமில்லாத வீட்டுப் பிள்ளைகள். எனக்கு அது பெருமையாக இருந்தது. மறைத்து ஆவதென்ன?

1971இல் யாழ்ப்பாணத்தில் ஒரு கருத்தரங்கு. படிப்பிக்கும் முறைகளைப் பற்றி ஆசிரியர்கள் பேசலாம் என்றார்கள். மாஸ்ரர் பதினொரு பிழைக் கொப்பிகளையும் பையில் கட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் விடுகிற பிழைகளில் முக்கால்வாசி பிழையே இல்லை, நாங்கள் கேட்ட விதம்தான் பிழை என்று தொடங்கினார். முன்வரிசையில் இருந்த அதிகாரி ஒருவர் ஒரு கொப்பியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"குலசிங்கம், பதின்மூண்டு வருஷமாய் இவ்வளவு பிழையாய்ப் படிப்பிச்சிருக்கிறீரோ?" என்றார்.

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அடக்கப் பார்த்தேன், வந்துவிட்டது. மாஸ்ரர் கொப்பிகளைப் பையில் வைத்துக்கொண்டு தன் இடத்தில் வந்து இருந்தார். லோஞ்சில் திரும்பும்போது வழி முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் அவருடைய மனைவி அன்னப்பிள்ளை, "உங்களோடை படிப்பிச்சவையெல்லாம் அதிபராய்ப் போட்டினம்" என்று சொல்லிச் சொல்லி, பிறகு சொல்வதையும் விட்டுவிட்டதாகக் கேள்வி.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை இன்றைக்கும் விடாதது.

1976 தை மாதம், புதுப் பிள்ளைகள் சேர்க்கிற கிழமை. ஒரு பெண் ஒரு பெடியனைக் கையில் பிடித்துக்கொண்டு மாஸ்ரரின் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தலையை ஒரு பக்கம் சரித்து, வலது காதை முன்னுக்குக் கொடுத்து நின்றாள். மாஸ்ரர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவள் யாரென்று எனக்கு விளங்கிவிட்டது.

"இது என்ர மகன் பரமலிங்கம்" என்றாள் சின்னத்தங்கம். காது கேளாதவர்கள் பேசுவது போலக் கொஞ்சம் உரத்த குரல். "இந்த வகுப்பில போட்டிருக்கினம். இவனுக்கு அடிச்சுப் படிப்பியுங்கோ, மாஸ்ரர்."

"பிள்ளை, நான் அடிக்கிறதில்லை."

"தெரியும். எனக்கு அடிச்சனீங்கள்தானே."

நான் தட்டிக்கு அருகில் நின்றேன்.

"அதைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை" என்றாள் அவள். "ஆர் அடி வாங்கேல்லை? அதுக்குப் பிறகு நடந்ததுதான். அந்த வருஷம் முடியுமட்டும் நீங்கள் என்னை ஒரு கேள்வி கேக்கேல்லை. என்னை எழுப்பேல்லை. என்ர சிலேட்டைப் பாக்கேல்லை. மற்றப் பிள்ளையளிட்டை ஏன், ஏன் எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சனீங்கள். என்ர வாங்குக்குக் கிட்ட வந்தால் அங்காலை திரும்பிப் போவியள். அடிச்ச நேரமெண்டாலும் என்னைப் பாத்தனீங்கள்."

"பிள்ளை..."

"மூண்டாம் வகுப்போடை அப்பு மறிச்சுப் போட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாது. இவரின்ர கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு ஓடுறனான். புருஷன் எழுதினதை ஊர் வாசிக்குது." அவளுடைய கண் கலங்கவில்லை. சாமான் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். "இவனும் அப்பிடி ஆகக்கூடாது. அடியுங்கோ. ஆனால் பாத்துப் படிப்பியுங்கோ."

பிறகு குனிந்து பெடியனின் சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினாள். அப்போது மாஸ்ரர் ஏதோ சொன்னார். மிகவும் மெல்லிய குரல். அவளுடைய இடது பக்கம் நின்று சொன்னார். தட்டிக்குப் பின்னால் எனக்கே அது கேட்டது: "என்னை மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை."

அவள் நிமிர்ந்து, வலது காதைத் திருப்பி, "என்ன சொன்னனீங்கள்?" என்றாள்.

மாஸ்ரர் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"ஒண்டுமில்லை" என்றார். "பெடியனை மனோகரி ரீச்சரின்ர பிரிவில விடும். நான் பெரிய வாத்தியாருக்குச் சொல்லிவிடுறன்."

எத்தனையோ பிள்ளைகளிடம் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் காத்து நின்ற மனிதர் அந்த இடத்தில் அரை நிமிஷம் நிற்கவில்லை. அந்தப் பெடியனையாவது அவர் வைத்திருந்திருக்கலாம் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அன்று பின்னேரம் கேட்டும் பார்த்தேன்.

"ஏன் மாஸ்ரர் விட்டனீங்கள்?"

"அந்தப் பெடியனின்ர முகத்தைப் பாக்க என்னாலை ஏலாது, ரீச்சர்" என்றார். "தாயைப் பாக்க ஏலாமல்தான் தாயைக் கெடுத்தனான். மகனையும் ஏன்?"

பரமலிங்கம் என் வகுப்புக்கு வந்தான். சூட்டிகையான பிள்ளை, எதற்கும் அவசரப்படுவான். ஐந்தாம் நாள் "ன"வுக்கும் "ண"வுக்கும் மாறி எழுதினான். நான் அடித்தேன். உள்ளங்கையில் இரண்டு. தாய் கேட்டதைத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பு விழுந்த சத்தம் கேட்டதும் தட்டிக்கு மற்றப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்த குரல் நின்றது. கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தொடங்கியது.

பெடியன் படித்தான். அந்த வருஷம் என் பிரிவில் மூன்றாம் பிள்ளையாக வந்தான். மார்கழியில் சின்னத்தங்கம் எனக்கு ஒரு சோடி தேங்காயும் கொஞ்சம் பனங்கிழங்கு ஒடியலும் கொண்டுவந்து தந்து, "நீங்கள் நல்லாயிருக்க வேணும், ரீச்சர்" என்றாள். மாஸ்ரரின் வகுப்பைத் தாண்டித்தான் என்னிடம் வந்தாள், அப்படியேதான் போனாள். அடுத்த வருஷம் புருஷனோடு கிளிநொச்சிப் பக்கம் குடியேறிப் போய்விட்டார்கள். மாஸ்ரர் அவளை அதற்குப் பிறகு காணவில்லை.

1982 மார்கழியில் அவர் இளைப்பாறினார். முப்பது வருஷம் ஒரே பாடசாலை, ஒரே வகுப்பு, சேர்ந்தபோதிருந்த அதே உதவியாசிரியர் பதவி. பிரியாவிடைக் கூட்டத்துக்கு, ஏற்கெனவே இளைப்பாறியிருந்த ஆழ்வாப்பிள்ளை தலைமை தாங்க வந்தார். மாலை போட்டார்கள். வாழ்த்துப்பா வாசித்தார்கள். ஆழ்வாப்பிள்ளை எழும்பி, பதவியிலிருந்த காலமெல்லாம் எந்த முறையைக் கண்டித்தாரோ அதையே புகழ்ந்தார். "தன்ர வாழ்நாளில ஒரு பிள்ளைக்கும் கை ஓங்காத உத்தமர் எங்கட குலசிங்கம் மாஸ்ரர்" என்றார்.

மாஸ்ரர் மாலையோடு எழும்பினார்.

"அது பொய்" என்றார். "வல்லிபுரத்தின்ர மகளை நான் அடிச்சுச் செவிடாக்கினனான். பிறகு அவளுக்குப் படிப்பிக்காமலும் விட்டனான். ஐயாவுக்கு அது தெரியும்."

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சபையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"பாத்தியளோ? இதுதான் அடக்கம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி நடந்த ஒரு சின்ன விசயத்தை இண்டைக்கும் மனதில வைச்சிருக்கிறார். இப்பிடி மனிசரை இனி எங்கை காணுறது?"

கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் எழும்பி நின்றே தட்டினார்கள். மாஸ்ரர் நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். இருபது வருஷம் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாம் கேட்டவள் நான் ஒருத்திதான். எழும்பி, ஓம், அவர் சொல்வது உண்மை என்று நான் சொல்லியிருக்கலாம். நானும் கை தட்டினேன்.

அவர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இருந்தார். தேத்தண்ணீர் பரிமாறினார்கள். குடித்தார்.

தை மாதம் அன்னப்பிள்ளையோடு வவுனியாவுக்கு, மகளின் வீட்டுக்குப் போனார். அங்கே மருமகன் கடை வைத்திருக்கிறார். மாஸ்ரர் கடைக்கு முன்னால் கதிரையில் இருப்பாராம். பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கேட்டபோது, தனக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. அவருடைய பதினேழு பிள்ளைகளையும் என் பிரிவில் சேர்த்தார்கள். வாங்கு போதாமல் பாயில் இருத்தினேன். முதல் கிழமை அவர்கள் எதற்கும் "ஏன் ரீச்சர்?" என்று கேட்டார்கள். இரண்டாம் கிழமை ஒருவரும் கேட்கவில்லை.